அட்வான்ஸ், புரோநோட்டு, லோன் ஆப்: வக்கீல் ஃபீஸ் இல்லாமல் ஆலோசனை எங்கே கிடைக்கும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டைக் காலி செய்து நாலு மாதமாகியும் ஓனர் 50,000 ரூபாய் அட்வான்ஸைத் தரவில்லை. கூட வேலை பார்த்த தோழிக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்த 80,000 ரூபாய் "இரண்டு வருஷத்துக்கு மேல்" வராமல் கிடக்கிறது. இதற்கு நடுவில் தம்பி ஏதோ ஒரு லோன் ஆப்பில் கடன் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டதில், அவர்கள் உங்கள் நம்பருக்கும் கூப்பிட்டு அசிங்கமாகப் பேசுகிறார்கள். ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பவே 5,000 கேட்டதில் மலைத்துப் போய், "இலவசமாகச் சொல்கிற இடம் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் உருப்படியாகச் சொல்வார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. உருப்படியாகவும் சொல்வார்கள். ஆனால் நீங்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் சொல்வது உருப்படுமா இல்லையா என்பது இருக்கிறது. நான் டெல்டா பக்கம் ஒரு வட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒன்பது வருஷமாகச் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன், கோர்ட்டில் எங்களை பி.எல்.வி. என்பார்கள். வக்கீல் இல்லை. வருகிறவர்களை உட்கார வைத்து, என்ன ஏது என்று கேட்டு, மனு எழுதிக் கொடுத்து, சரியான வக்கீலிடமோ அதிகாரியிடமோ கொண்டுபோய் விடுவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இடம். 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. இரண்டுமே கோர்ட் வளாகத்துக்குள்ளேதான் இருக்கும். கேட்டில் நிற்கும் போலீஸ்காரரிடம் "லீகல் எய்டு எங்கே" என்று கேட்டால் கை காட்டுவார், இந்த நீளப் பெயரைச் சொன்னால் அவருக்கே கொஞ்சம் குழப்பம் வரும். மாவட்ட ஆணைக்குழுவுக்கு மாவட்ட நீதிபதி தலைவர். செயலாளராக இருப்பவரும் நீதிபதிதான், நீங்கள் பார்க்கப்போவது அநேகமாக அவரை. நேரில் போக லீவு கிடைக்காதென்றால் 15100 என்ற எண்ணுக்கு அடித்து விஷயத்தைச் சொல்லலாம், கட்டணம் கிடையாது.

"நான் மாசம் 14,000 சம்பளம் வாங்குறேன், எனக்குக் கொடுப்பாங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில் யார் யாருக்கு இலவச வக்கீல் என்று பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. நீங்கள் பெண். கதை அங்கேயே முடிந்துவிட்டது, சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது. உங்கள் தம்பிக்கு வேண்டுமென்றால்தான் வருமானக் கணக்கு வரும், தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள். அதற்கும் தாசில்தார் ஆபீசில் வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வெறும் ஆலோசனைக்கும், சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கும் இந்த வரம்பெல்லாம் குறுக்கே வராது, யார் வேண்டுமானாலும் வரலாம்.

இப்போது அந்த "கையில் எடுத்துக்கொண்டு போவது" விஷயம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு மஞ்சப்பையோடுதான் வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா வந்தார், உங்களைப் போலவே அட்வான்ஸ் பிரச்சினை. அரை மணி நேரம் ஓனரின் குணத்தைப் பற்றியே சொன்னார். தண்ணீர் மோட்டார் போட விடமாட்டார், விருந்தாளி வந்தால் முகம் சுளிப்பார், அவர் மருமகள் இவரைவிட மோசம், இப்படி. எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் எதற்கும் பயன்படாது. பையை மேசையில் கவிழ்க்கச் சொன்னேன். ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ் ஆறு, எல்.ஐ.சி. ரசீதுகள், பையனின் டி.சி., ஒரு மருந்துச் சீட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு தினக் காலண்டர் தாள். பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில், "வீட்டு அட்வான்ஸ் ரூ.40,000 பெற்றுக்கொண்டேன்" என்று ஓனர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "இது எதுக்கு சார், சும்மா எழுதிக் கொடுத்தாரு" என்றார் அந்த அம்மா. தாளின் முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டத்தோடு தேதியும் அச்சில் இருந்தது. கேஸே அந்தத் தாள்தான்.

அதனால் போவதற்கு முன் ஒரு முழு வெள்ளைத்தாளில் தேதி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் குடிபோனீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், ரொக்கமா ஜிபேயா, எப்போது காலி செய்வதாகச் சொன்னீர்கள், வாயால் சொன்னீர்களா வாட்ஸாப்பிலா, சாவியை யாரிடம் எப்போது கொடுத்தீர்கள், அதற்கப்புறம் பணம் கேட்டு எத்தனை முறை பேசினீர்கள், அவர் என்ன சொன்னார். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஓனர் "அடுத்த மாசம் தரேன்" என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றுவதாக இருந்தால் முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், வக்கீலிடமே ஆனாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஒரிஜினல் கொடுத்தால் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்.

சரி, உங்கள் மூன்று பிரச்சினைக்கு வருவோம்.

அட்வான்ஸ் விஷயம் மூன்றிலும் சுலபம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தவர்கள் வாடகை அதிகாரியிடம் போகலாம், ஆனால் உங்களைப் போல லைன் வீட்டில் இருந்தவர்கள் யார் பதிவு செய்கிறார்கள்? ஆகவே நேராக லீகல் எய்டில், வழக்குப் போடாமலே சமரசம் பேசக் கேட்டு வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். அவர்கள் ஓனருக்கு ஒரு தேதி போட்டு அழைப்பு அனுப்புவார்கள். பத்து முறை போன் செய்தும் எடுக்காத ஆள், கோர்ட் வளாகத்திலிருந்து முத்திரை போட்ட உறை வந்ததும் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு வந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் காலண்டர் தாள் ஓனரும் அப்படித்தான் வந்தார். சுவரில் ஆணி அடித்திருக்கிறார்கள், வெள்ளை அடிக்க 12,000 ஆயிற்று என்றார். கடைசியில் 5,000 கழித்துக்கொண்டு மீதி 35,000 இரண்டு தவணை என்று முடிந்தது. அந்த அம்மாவுக்கு 5,000 விட்டுக்கொடுத்ததில் மனசே இல்லை. எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் சமரசம் என்றால் இரண்டு பேரும் ஏதோ ஒன்றை விட வேண்டும், அங்கே உட்கார்ந்திருக்கும் நீதிபதி தீர்ப்பைத் திணிக்க முடியாது.

ஒத்துக்கொண்டதை எழுதி மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இரண்டாவது தவணையைக் கொடுக்காமல் இழுத்தால் புதிதாக வழக்குப் போட வேண்டாம், ஒத்துக்கொண்டதை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டால் போதும். ஆகவே "ஏம்மா, வெளியிலேயே பேசிக்கலாம், எழுத்தெல்லாம் எதுக்கு" என்று ஓனர் வராந்தாவில் நைசாகப் பேசினால் மட்டும் மசியாதீர்கள். கோர்ட்டில் ஏற்கெனவே இருக்கும் வழக்கு இப்படி முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வருஷத்துக்கு நாலு முறை, பெரும்பாலும் ஒரு சனிக்கிழமையில் நடக்கும் தேசிய மக்கள் நீதிமன்றம்தான் எல்லோருக்கும் தெரியும். மற்ற நாட்களிலும் மனு வாங்குவார்கள், அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

லோன் ஆப். இதில் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆப்புக்குப் பின்னால் ஏதாவது வங்கியோ ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்கிறதா என்பது. கடன் ஒப்பந்தத்தில் பெயர் இருக்கும். இருந்தால், அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, கடன் வாங்கியவரின் உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 14448-ல் கூப்பிட்டால் எப்படிப் போடுவது என்று சொல்வார்கள். நிறையப் பேர் செய்யும் தப்பு, நிறுவனத்துக்கு எழுதாமல் நேராகக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவது. அதைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பின்னால் யாருமே இல்லை, வெறும் ஆப்தான் என்றால் அது கடன் கொடுக்கல் வாங்கல் விவகாரமே இல்லை, குற்றம். படத்தை மார்பிங் செய்து அனுப்புவேன் என்கிறவனுக்கு இன்னொரு ஆப்பில் வாங்கிக் கட்டாதீர்கள். 1930-க்கு அடித்து சைபர் கிரைமில் புகார் பதியுங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகளோடு. உங்கள் நம்பருக்கு வந்த அழைப்புகளுக்கு நீங்களே தனியாகப் புகார் கொடுக்கலாம், தம்பி வர வேண்டும் என்றில்லை. தம்பி ராத்திரியில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, முதலில் அவனைத் தனியாக விடாதீர்கள், அந்த போனை இரண்டு நாள் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். நிஜமான நிறுவனத்தில் வாங்கிய நிஜமான கடன் என்றால் லீகல் எய்டு அதைத் தள்ளுபடி செய்து தராது. அவமானப்படுத்துவதை நிறுத்தலாம், தவணையை மாற்றிக் கேட்கலாம், வட்டியும் அபராதமும் கூடுதலாகப் போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம், அசல் அசல்தான். யூடியூபில் "கடனைக் கட்டவே வேண்டாம்" என்று சொல்லி 3,000 ரூபாய் ஃபீஸ் வாங்குகிறவர்கள் இப்போது நிறைய முளைத்திருக்கிறார்கள். கடன்களைக் கணக்கிட்டு எதை முதலில் அடைப்பது என்று உட்கார்ந்து பேச, வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையங்கள் மாவட்டம்தோறும் இருக்கின்றன, அங்கேயும் காசு கிடையாது. உங்கள் மாவட்டத்து முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்தில் கேட்டால் முகவரி சொல்வார்கள். கூட்டமே இருக்காது, அதனால் பொறுமையாகப் பேசுவார்கள்.

உள்ளூர்க் கந்துவட்டி என்றால் கதை வேறு. அதற்கு 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் ஊர்ப் பெயர்களே அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. அங்கே போக வேண்டிய இடம் காவல் நிலையமும் லீகல் எய்டும் சேர்ந்து. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பது நல்லதுதான், கொடுங்கள், ஆனால் அது பெரும்பாலும் தபால்பெட்டி மாதிரி, உங்கள் மனு சுற்றிச் சுற்றி நீங்கள் யார் மேல் குறை சொன்னீர்களோ அந்த நிலையத்துக்கே வந்து சேரும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே உயிரை விட்டதே, அவர்களும் மனு கொடுத்துப் பார்த்தவர்கள்தான். மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காராமல், அதன் எண்ணை வாங்கிக்கொண்டு அன்றைக்கே லீகல் எய்டுக்கும் நடந்துவிடுங்கள்.

இலவச வக்கீல் எப்படி இருப்பார் என்ற உங்கள் சந்தேகத்துக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். குழுவில் இருக்கும் வக்கீலுக்கு ஆணைக்குழு கொடுக்கும் கட்டணம் குறைவு, அவருக்கு வெளியில் காசு கொடுக்கும் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், உங்கள் வாய்தா அன்று அவர் வேறு கோர்ட்டில் நிற்கலாம். நல்லவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு ஜூனியர் அம்மா ஜீவனாம்ச வழக்குக்குச் சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய் அட்டெஸ்டேஷன் வாங்கி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். சரியில்லாத ஆள் வாய்த்தால் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம், கொடுப்பார்கள். உங்களிடம் "டைப்பிங் செலவு, பேட்டா" என்று யாராவது கை நீட்டினால் கொடுக்காதீர்கள், அதையும் எழுதிக் கொடுங்கள். வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் நகல் செலவும் சேர்த்துத்தான் இலவசம்.

எல்லாவற்றுக்கும் லீகல் எய்டுதான் என்றும் இல்லை. வாங்கிய பொருளோ சேவையோ மோசம் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லுங்கள், பாதி விஷயம் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, நீங்களே வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் 2007-ம் வருஷச் சட்டத்தில் மனு. சென்னையில் இருப்பவர்களுக்கு சி.ஏ.ஜி. மாதிரி பழைய நுகர்வோர் அமைப்புகளும் வழி சொல்லும்.

டீக்கடை ஆலோசனையை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். எந்த ஆபீசில் எந்த மேசையில் போய் நிற்க வேண்டும் என்பதை டீக்கடை அளவுக்கு யாரும் சரியாகச் சொல்ல முடியாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் அங்கே கேட்காதீர்கள். "முத்திரைத்தாள் ஆறு மாசத்துல காலாவதி" என்பார்கள். ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு, எழுதுவதற்கு அல்ல. நம் தமிழ்நாட்டிலிருந்து போன திருவேங்கடம் பிள்ளை – நவநீதம்மாள் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. "12 வருஷம் குடியிருந்தா வாடகைக்காரனுக்கே வீடு" என்பதும் இப்படிப்பட்ட கதைதான். "சாட்சிக் கையெழுத்து இல்லாத புரோநோட்டு செல்லாது" என்பதும்.

அந்தப் புரோநோட்டைத்தான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அவசரம் அதில்தான். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் ரெவின்யூ ஸ்டாம்பும் கையெழுத்தும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வெறும் தாள். "இரண்டு வருஷத்துக்கு மேல்" என்கிறீர்களே, அது இரண்டு வருஷம் இரண்டு மாதமா, இரண்டு வருஷம் பதினோரு மாதமா? முந்தையது என்றால் நிதானமாகச் சமரச மனு போடலாம். பிந்தையது என்றால் லீகல் எய்டில் வாசலிலேயே "கெடு முடியப்போகிறது" என்று சொல்லி, வழக்கே போடச் சொல்லுங்கள், சமரச அழைப்பை நம்பிக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். அந்தத் தோழி கொஞ்சம் பணம் கொடுக்க முன்வந்தால், 1,000 ரூபாயே ஆனாலும், புரோநோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் கிடைக்கும். கெடு முடிவதற்குள் எழுதினால்தான் அந்தக் கணக்கு. வட்டி எவ்வளவு பேசினீர்கள் என்பதையும் வக்கீலிடம் மறைக்காதீர்கள், கூடுதல் வட்டி என்று எதிர்த்தரப்பு கிளப்பும்போது அவர் முதல் முறையாக அதைக் கேட்கக் கூடாது.

இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து போனதும் பீரோவைத் திறந்து அந்தத் தேதியைப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அடுத்து என்ன என்று சொல்கிறேன்.